மேல் வரிசை காணாமல் போன காலை

தம்பி,

வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். வரவில்லை என்று சொல்லப்போவதாகவும் சொல்கிறாய். போனில் இதைப் பேச முடியவில்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய். நீ முடிக்கிற வாக்கியம் என்னுடையதாக இருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இந்தக் கோடை விடுமுறையில் எனக்கு உதவியவர்கள் அத்தனை பேரும், முன்பின் தெரியாத யாரோ படிக்கட்டும் என்று பொதுவில் எழுதி வைத்தவர்கள். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். நீ சென்னையில் சிவில் இன்ஜினியர். நார்வேயில் மலையைக் குடைந்து பாதை போடும் குழுவில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. சின்ன வயதில் கிணற்று மேட்டில் ஈர மண்ணைக் குவித்து, இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் விட்டு நடுவில் விரல்கள் தொட்டதும் கத்துவாயே, அதையே பெரிய அளவில் செய்யப் போகிறாய். நான் காரைக்குடியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். உன் அப்பா அமராவதிபுதூரில் நிலக்கடலை பயிரிடுகிறார். எனக்குக் கண்ணில் பிரஷர்.

நோயைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வார்த்தை இல்லாமல் அல்ல. சொன்னால் அது அழகாக இருந்துவிடுமோ என்று பயம். மதுரை ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: "கறுப்பாத் தெரியும்னு நெனைக்காதீங்க டீச்சர். இருட்டா வராது. ஒரு எடத்துல பார்வை போச்சுன்னா, அங்க எப்பவுமே ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். பக்கத்துல இருக்கிற நிறத்தை எடுத்து மூளையே பூசிவிட்டுரும். நீங்க கண்டுபிடிக்கவே மாட்டீங்க." பயப்பட வேண்டிய இடம். நான் வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எனக்குள் ஒருவர் எனக்குத் தெரியாமல் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டே இருக்கிறார். எங்கே ஓட்டை விழுந்தாலும் உடனே வந்து பூசுகிறார். நான் பார்க்கிற உலகத்தில் எவ்வளவு அவர் பூசியது, எவ்வளவு உண்மையில் இருப்பது? வகுப்பில் கடைசி வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். எனக்கு முதலில் மேல் பக்கம்தான் குறையும், இடது ஓரம் நெடுநாள் மிஞ்சும் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அந்தக் காலை. காபியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிரவுசரைத் திறந்தேன். திரையின் மேல் வரிசை இல்லை. திறந்து வைத்த பக்கங்களெல்லாம் வரிசையாக நிற்குமே, அந்த வரிசை. பத்திரிகை, பள்ளி மெயில், பாதி படித்த அகழாய்வுக் கட்டுரை, நீ அனுப்பிய படங்கள். எதுவும் இல்லை. அந்த இடத்தில் மெல்லிய சாம்பல் நிறம். கிழிந்த மாதிரி இல்லை. அழித்த மாதிரி இல்லை. அங்கே எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை என்பது போல, சுத்தமாக, இயல்பாக. டாக்டர் சொன்னது சொன்னபடி. நான் தலையை உயர்த்திப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மற்றதை மூடிப் பார்த்தேன். சுவரில் காலண்டரின் மேல் பாதியில் முருகன் நன்றாகவே தெரிந்தார். ஆனால் அங்கே முருகன் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை மூளை பூசும். காலண்டரை நம்ப முடியவில்லை. வாசல் நிலைப்படியை நம்ப முடியவில்லை. எனக்குப் பழக்கமான எதையும் நான் உண்மையில் பார்க்கிறேனா என்று சொல்ல ஒரு சாட்சிகூட வீட்டில் இல்லை. காபி ஆறிவிட்டது.

இடது பக்கம் பார்க்கவில்லையா என்று நீ பிறகு கேட்டாய். பார்த்தேன். இடது ஓரத்தில் பொடிப் பொடியாகப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. விளம்பரம் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தவருக்குத் தொலைத்த இடத்தில் மட்டும்தான் தேடத் தெரியும். ஒரு பொருள் தொலையாமல் இடம் மாறியிருக்கலாம் என்பது அப்போது தோன்றவே தோன்றாது.

உன் அப்பா வயலிலிருந்து வந்ததும், "மேல் பக்கம் தெரியலைங்க" என்று மட்டும் சொன்னேன். பிரவுசரைப் பற்றிச் சொல்லவில்லை. கண் போனவர் எதில் கண்டுபிடித்தேன் என்றா சொல்லிக்கொண்டிருப்பார்? அவர் கால் கூடக் கழுவவில்லை.

"கெளம்பு."

"சாப்பிட்டுட்டு வாரீகளா?"

"கண்ணு போச்சுங்கிற. சோறு போடட்டுமாங்கிற. எந்திரி புள்ள."

மதுரை பஸ்ஸில் என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். இருக்கிற வரைக்கும் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார். பிள்ளையார்பட்டி விலக்கு வரும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் சேர்த்துப் போட்டார். அப்புறம் உனக்குப் போன் செய்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்து பஸ் முழுக்கக் கேட்கப் பேசினார். "அம்மாவுக்கு மேல்பக்கம் போயிருச்சுப்பா. ஆமா. ஆமா. மதுரைக்குத்தான் போய்க்கிட்டு இருக்கோம்." நீ அந்தப் பக்கம் என்ன சொன்னாய் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. போனை வைத்துவிட்டு, "அவன் போகலையாம்" என்றார். எனக்கு இப்போது சொல்லத் தெரிகிறது. அந்தக் குரலில் துக்கம் மட்டும் இல்லை.

அந்தப் பரிசோதனையை நீ பார்த்ததில்லை. வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளி மினுக்கும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மங்கலாக, மேலும் மங்கலாக, ஒளி வந்துகொண்டே இருக்கும். கடைசியில் அது ஒளியா, ஒளி வேண்டும் என்ற ஆசையா என்று தெரியாது. பரிசோதனை செய்கிற பெண்ணுக்கு அது பழக்கம் போல. "டீச்சர், தெரியாததுக்கெல்லாம் அமுக்காதீக. பரீட்சையில உங்க பிள்ளைக பண்ணுறதை நீங்களே பண்ணுறீகளே" என்றாள். கிண்ணத்துக்குள் சிரித்தேன். முடிவு வந்தது. போன தடவை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

உன் அப்பா வெளியே வந்து இரண்டு டீ சொன்னார். எனக்கு முன்பைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. கண் சரியாக இருக்கிறது என்கிறது எந்திரம். வரிசை இல்லை என்கிறது என் கண். அப்படியென்றால் போனது எது?

மறுநாள் வள்ளிமயில் வந்தாள். எங்கள் பள்ளியில் கணக்கு நடத்துகிறாளே, அவள்தான். விவரம் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"டீச்சர், அது மேல இல்லை. இங்குட்டு இடது பக்கம் வந்துருச்சு. அப்டேட் ஆயிருக்கு. எனக்கும்தான் ஆச்சு. காலையில தொறந்துட்டு அந்தப் பிரவுசர் கம்பெனியையே சபிச்சேன்."

"இதுக்கா மதுரை போனோம்?" என்றார் உன் அப்பா.

"நீங்க வேற அண்ணே. நல்லவேளை, பிரவுசர் மாறுச்சுன்னு போனீக. வால்பேப்பரை மாத்தியிருந்தா ஐசியூவுல சேத்திருப்பீக."

அவர் அடக்க முடியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். உனக்குப் போன் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "இந்தத் தடவை அப்டேட். அடுத்த தடவை?" என்றாய். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வந்து வேறு பிரவுசர் போட்டுத் தருகிறேன், இல்லையென்றால் பழைய வெர்ஷனையே திரும்பப் போட்டு அப்டேட் வராமல் பூட்டிவிடுகிறேன் என்றாய். வராதே என்றேன். நானே முடிவு செய்ய வேண்டும் போலிருந்தது. என் வீட்டில் நடந்தது அது.

முடிவு செய்வது என்றால் எப்படி? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வரலாற்று மாணவி நான். ஒரு நிகழ்ச்சி நடந்தால் அதற்குச் சாட்சி சொன்னவர்களைத் தேடிப் போவேன். புதிய வெர்ஷனைப் பற்றி அந்த நிறுவனம் போட்டிருந்த அறிவிப்பைக் கண்டுபிடித்தேன். அறிவிப்பு சின்னது. அதன் கீழே பயன்படுத்துகிறவர்கள் எழுதிய கருத்துகள். எழுத்தைப் பெரிதாக்கி, தெரியாத மொழிகளையெல்லாம் தமிழாக்கி, படிக்கத் தொடங்கினேன். கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அடி தெரியவில்லை. தம்பி, நான் கல்வெட்டுகளைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். கோவிலூர்க் கோயிலில் அத்தனை தூண்களுக்கு நடுவே நின்று மலைத்துப் போயிருக்கிறேன். அதே மலைப்பு இங்கே வந்தது. ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதற்காக இத்தனை நாட்டு மனிதர்கள், இத்தனை நேரம், இத்தனை உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறார்கள்.

ஒருவர், "நான் தூங்கும்போது யாரோ வீட்டுக்குள் வந்து மாடிப்படியை வேறு மூலைக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "படி இப்போதுதான் சரியான மூலையில் இருக்கிறது, இத்தனை காலம் சமையலறைக்கு நடுவில் இருந்தது" என்று. ஒருவர் கோபித்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு வேறு பிரவுசருக்குப் போனார். கொஞ்ச நாளில் திரும்பி வந்து, "அங்கே எல்லாம் வேகம். ஆனால் நான் எழுதத் தொடங்கும் சொல்லை அதற்கு முடிக்கத் தெரியவில்லை. விருந்தாளி போல உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதினார். ஒருவர் பழைய வெர்ஷனை விடவே மாட்டேன் என்றார். அதில் திருடன் நுழைகிற ஓட்டை இருக்கிறது என்று மற்றவர்கள் மன்றாடினார்கள். திருடனுக்காவது என் வீடு பழக்கமாக இருக்கும் என்று அவர் பதில் சொன்னார். அரபி படிக்கிற ஒருவர் மரியாதையாக, நிதானமாக எழுதியிருந்தார்: "எங்கள் எழுத்து வலமிருந்து தொடங்கும். நீங்கள் தொடக்கம் என்று எண்ணி வைத்த இடது ஓரம் எங்களுக்கு வரி முடியும் இடம். நான் ஒவ்வொரு காலையும் முடிவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது." இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் மாடியில் கொஞ்சம் நின்றேன். இடது என்பது எல்லோருக்கும் தொடக்கம் இல்லை. இத்தனை வயதில், அதுவும் பாடம் நடத்துகிற ஒருத்திக்கு, இது ஒரு பிரவுசரைப் பற்றிய குறையிலிருந்து தெரிய வருகிறது.

அதற்குப் பிறகு அந்தக் கருத்து. பெயர் இல்லை. ஒரு பறவையின் படம்தான். "இன்று காலை என் பார்வையில் மேல் பகுதி போய்விட்டது என்று நினைத்தேன். மகளை எழுப்பி அழுதேன். பிறகுதான் தெரிந்தது, உங்கள் வேலை என்று. உங்களைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை."

அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. உலகத்தில் எங்கோ, அதே காலை, அதே மேல் வரிசை, அதே வெள்ளை அடிக்கிறவர். எழுதியவர் ஓர் அம்மா என்றே எனக்குப் பட்டது. அந்த அம்மாவும் தன் வீட்டுக் காலண்டரை நம்பாமல் நின்றிருப்பார்.

நான் பதில் எழுதினேன். அங்கே எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என்னவோ கடிதம் எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டேன். தாங்களும் வீட்டாரும் நலம்தானே, உங்கள் பக்கம் மழை உண்டா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பிறகுதான் கண், மேல் வரிசை, மதுரை என்று விஷயத்துக்கு வந்தேன். வள்ளிமயில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சர், அது சாப்ட்வேர் ஆளுக இருக்கிற எடம். அங்குட்டுப் போயி சாப்பிட்டீகளான்னு கேக்குறீக!" ஆனால் பதில் வந்தது. உருளைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டார்களாம். வெளியே பனி இன்னும் கரையவில்லையாம். வீட்டார் என்றால் ஒரு மகளும் வயதான நாயும், இருவரும் நலமாம். அதோடு நிற்கவில்லை. மாடிப்படி மனிதர் தான் ரொட்டி சாப்பிட்டதாகச் சொன்னார். திருடனுக்குப் பழக்கமான வீட்டுக்காரர், நேற்றைய சூப்பையே சுட வைத்துக் குடித்ததாகச் சொன்னார். பிரவுசரைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் வரிசையாகத் தங்கள் சாப்பாட்டைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடத்தை நிர்வகிக்கிறவர் வந்து, இது புதிய வெர்ஷனைப் பற்றிக் கருத்துச் சொல்லும் இடம் என்று நினைவூட்டினார். கொஞ்சம் கழித்து அவரே, தான் இன்னும் சாப்பிடவில்லை என்று எழுதினார்.

நீ வெளிநாட்டுக்குப் போனால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று உன் அப்பா கேட்கிறார். எனக்கு அந்தப் பயம் அன்றோடு போய்விட்டது. போகிற இடத்தில் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேள். அவர்கள் ஊரில் அது வழக்கம் இல்லை என்றாலும் கேள்.

பறவை அம்மாவிடம் நான் கேட்டது இதுதான். மேல் வரிசையைப் பழைய இடத்துக்கே மாற்ற ஒரு வசதி வைத்திருக்கிறார்களே, மாற்றிவிட்டீர்களா? வள்ளிமயில் அதை ஒரு நொடியில் மாற்றித் தருகிறேன் என்றிருந்தாள். நீயும் சொன்னாய். எனக்கும் கை துறுதுறுத்தது. அந்த அம்மா மாற்றவில்லை. "மாறுவதைப் பார்க்க முடிகிற காலத்திலேயே மாறிவிடலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதினார். அவ்வளவுதான். விளக்கவில்லை. நான் அந்த வரியோடு நாள் முழுக்க இருந்தேன். என் பார்வையில் முதலில் போகப்போவது மேல் பக்கம். அந்த வரிசை மேலேயே இருந்திருந்தால், ஒரு காலை அது நிஜமாகவே காணாமல் போயிருக்கும். அன்று எந்த வள்ளிமயில் வந்தும் பயன் இருக்காது. இப்போது அது இடது பக்கம் வந்திருக்கிறது. எனக்கு நெடுநாள் மிஞ்சப்போகிற பக்கம். என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத யாரோ சிலர், என்னவோ காரணத்துக்காக, அதை நகர்த்தியிருக்கிறார்கள். எனக்காக அல்ல. ஆனாலும் என் பக்கமாக. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. உன் அப்பாவிடம் கேட்டால் பிள்ளையார் என்பார். நான் பெயர் வைக்காமல் விட்டுவிட்டேன்.

அதோடு நிற்கக் கூடாது என்று தோன்றியது. இடதும் ஒருநாள் போகலாம். பிரவுசரில் பக்கத்தை வாசித்துக் காட்டும் குரல் ஒன்று இருக்கிறது. நீ முன்பே போட்டுத் தந்ததுதான். கண் இருக்கும்போது அது எதற்கு என்று தொடாமல் வைத்திருந்தேன். இப்போது அதை எடுத்தேன். திரையைப் பார்க்காமல் பழகினால்தான் பழக்கம். கண் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் உன் அப்பாவின் துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டேன்.

அவர் வெயிலில் கருகி உள்ளே வந்தார். பார்த்தார். "என்ன, அதுக்குக் குளுருதாக்கும்?"

"பழகுறேன்."

"எம்புட்டு நாளா எந்துண்டைத் தேடுறேன். கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டு இருக்கு."

முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்தக் குரல் எல்லாவற்றையும் வாசிக்கிறது. இணைப்பு என்கிறது. பொத்தான் என்கிறது. விளக்கமில்லாத படம் என்கிறது. எது முக்கியம், எது இல்லை என்று அதற்குத் தெரியாது. கண் எவ்வளவு தள்ளிவிட்டுப் படிக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு விசையைக் கண்டுபிடித்தேன். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். அதன் பிறகு பக்கம் ஒரு தெருவாக ஆனது. எந்த வீட்டில் நுழைவது என்று நானே முடிவு செய்யலாம். துண்டுக்கு அடியில் ஒளி கசிந்துகொண்டிருக்க, நான் எங்கே போகிறேன் என்று தெரிந்து போனேன். அந்த அகழாய்வுக் கட்டுரையின் மிச்சப் பாதியை அப்படித்தான் முடித்தேன். மண்ணுக்கு அடியில் ஒரு செங்கல் சுவர். தோண்டுகிறவர்கள் தூரிகையால் தடவித் தடவி அதன் ஓரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வேண்டுமென்று மூடவில்லை. கேட்பதற்கு அது வசதியாக இருந்தது. பார்வை இல்லாத இடம் இருட்டான அறை என்றே நான் எண்ணியிருந்தேன். உள்ளே இவ்வளவு இடம் இருக்கிறது, தம்பி.

உன் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினார். வானிலை அறிக்கையை அந்தக் குரலில் கேட்பார். அதோடு சண்டை போடுவார். "இடியோட மழைங்கிறா. மானத்துல ஒரு பொட்டு மேகம் கெடையாது. இந்தப் பொம்பளைக்கு மூச்சு விடவும் தெரியலை, மானத்தப் பாக்கவும் தெரியலை." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்பார்.

நேற்று சாயங்காலம் அவர் கேட்டார். "அப்ப அவன் போயிரலாங்கிற."

"போகட்டும்."

"பக்கத்துல இருந்தா நல்லதுதான? ஒனக்கு ஒரு ஒத்தாசை."

"எனக்கா, உங்களுக்கா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத்தான். ஒங் கண்ணைச் சாக்கு வச்சுக்கிட்டேன். பஸ்ஸுல அவன் போகலைன்னு சொன்னப்ப, பாவி, ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுது என்றார். நீயும் இதைத்தான் செய்கிறாய் என்று நினைக்கிறேன். என் கண் உனக்கும் ஒரு சாக்கு. புதிய ஊர், புதிய மலை, புதிய ஆட்கள். உனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு நான் ஏதாவது பதில் சொல்வேன். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் என்னால் என்ன சொல்ல முடியும்? அதனால்தான் அதைச் சொல்கிறாய். கோபம் இல்லை. நானும் உன் வயதில் என்னென்னவோ சொல்லியிருப்பேன்.

எனக்குக் கண் போகாது என்று உறுதி தர மாட்டேன். போகலாம். மெதுவாக, வெள்ளை அடிக்கிறவர் பூசிக்கொண்டே வர, எனக்கே தெரியாமல் போகலாம். அன்று நீ இந்த வீட்டில் இருந்தாலும் அது போகும். நீ பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவாய். அது அன்பு. ஆனால் நான் எங்கே தாவ வேண்டும், எதைத் தள்ளிவிட வேண்டும் என்பதை அன்று முதல் நீ முடிவு செய்வாய். எனக்கு அது வேண்டாம். நானே தடுமாறிப் போய் நானே நுழைய வேண்டும். நீ அங்கே மலைக்குள் செய்யப்போவதும் இதுதானே? எதிர்ப் பக்கம் தெரியாது. ஆனாலும் எந்தத் திசை என்று தெரிந்து குடைவீர்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ போடும் பாதை ஒருநாள் திறக்கும். அதில் போகிறவர்கள் திட்டுவார்கள். விளக்கு கூச்சமாக இருக்கிறது என்பார்கள். திருப்பம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது என்பார்கள். பழைய மலைப் பாதையே மேல் என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். எல்லாவற்றையும் படி. அடிவரை படி. அலட்சியமாகச் சிரிக்காதே. முட்டாள்தனமாகத் தோன்றுகிற ஒரு வரிக்குப் பின்னால், ஒரு காலை நேரத்தில் தன் வீட்டுச் சுவரை நம்ப முடியாமல் நின்ற ஒருத்தி இருக்கலாம். அவளுக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியாது. அவள் இருக்கிறாள் என்று தெரிந்து கட்டு.

கருத்துகளுக்குக் கீழே நானும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இடது பக்கமே இருக்கட்டும் என்று. அடுத்த முறை எதை நகர்த்தினாலும், காலையில் திறந்ததும் எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று. அவர்கள் படிப்பார்களா, தெரியாது. பறவை அம்மா படித்தார். சரி என்று ஒரு சொல் எழுதியிருந்தார்.

இன்று புதன். நாளை ஒரு நாள் யோசித்துக்கொள். பயத்தையும் சேர்த்து யோசி. அதை மறைக்காதே, தூக்கிக்கொண்டே போகலாம், அதற்கு விசா தேவையில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுக்கு, வருகிறேன் என்று எழுது. எழுதி அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிடு. உன் அப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வயலுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார். இருக்கட்டும். முதலில் அவர்களுக்கு. பிறகு எங்களுக்கு.

அம்மா